அதே இங்கிலீஷ்தானே என்கிறார்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நாங்கள் 17 ஆண்டுகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருந்தோம். இரண்டு குழந்தைகளும் பிறந்தது அங்கேதான். நால்வருமே அமெரிக்கக் குடிமக்கள். கணவரின் நிறுவனம் அவரை இங்கிலாந்துக்கு மாற்றியதால் போன வருடம் ஆகஸ்டில் ரெடிங் நகருக்குக் குடிவந்தோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6.

வந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நாங்கள் புதுவீட்டுக்குப் போன அன்றே எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி கேக்கோடு வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். இங்கே 14 மாதங்களாகியும் பக்கத்து வீட்டாரோடு 'ஹலோ'வைத் தாண்டவில்லை. அவர்களில் ஒருவர், "ஒரு நாள் நீங்கள் அவசியம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்று பலமுறை சொல்லிவிட்டார். எந்த நாள் என்று மட்டும் சொன்னதில்லை.

மகள் அங்கே வகுப்பின் ஸ்பெல்லிங் போட்டிகளில் முதலாக வருவாள். இங்கே தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6-இல் சேர்ந்ததும் அவள் அமெரிக்க முறையில் எழுதிய சொற்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டார்கள். கையை உயர்த்திப் பதில் சொன்னால், 'ரொம்பத்தான் காட்டிக்கொள்கிறாள்' என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்களாம். இப்போது இயர் 7. பள்ளியில் இங்கிலாந்துப் பிள்ளை மாதிரியே பேசுகிறாள். வீட்டு வாசல்படி ஏறியதும் பேச்சு நியூ ஜெர்சிக்குத் திரும்பிவிடுகிறது. தான் யார் என்பதே அவளுக்குக் குழம்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மகனுக்குக் காதுவலி வந்தபோது குழந்தைநல மருத்துவர் ஒருவரைக்கூடப் பார்க்க முடியவில்லை.

நவம்பரில் ஒரு வியாழனன்று அமெரிக்காவே விடுமுறையோடு கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை போன வருடம் வந்தபோது கணவர் ஆபீஸ், பிள்ளைகள் பள்ளி. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பம்ப்கின் பை என்ற பூசணிப் பலகாரமும் செய்து வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இந்த மாதம் மறுபடியும் அந்த நாள் வருகிறது.

கணவருக்கு இங்கே பிடித்துவிட்டது. "ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன், லீவு இருக்கிறது, ஆஸ்பத்திரி பில் இல்லை, வேறென்ன வேண்டும்?" என்கிறார். கோவையில் இருக்கும் மாமியார், "அதே வெள்ளைக்காரன் ஊரு, அதே இங்கிலீஷு, இதுல என்ன கண்ணு கஷ்டம்?" என்கிறார். எனக்கு வேலை இல்லை. கார் ஓட்டுவதையும் நிறுத்திவிட்டேன். சாயங்காலமானால் அழுகை வருகிறது. திரும்பிப் போகலாம் என்றால் சண்டை. என்னிடம்தான் ஏதோ குறையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ரெடிங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் குறை எதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் குடும்பங்களோடு நான் லண்டனில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் புதிது என்று ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் நேராகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

18 ஆண்டுகளுக்கு முன் கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போனபோது நீங்கள் சிரமப்படுவீர்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பருப்புப்பொடி கட்டிக் கொடுத்திருப்பார்கள், போனில் விசாரித்திருப்பார்கள், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போயிருப்பார்கள். கஷ்டப்பட உங்களுக்கு அனுமதி இருந்தது. இந்த முறை அந்த அனுமதியை யாரும் தரவில்லை. நீங்களும் உங்களுக்குத் தரவில்லை. வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்குத்தானே போகிறோம், பேசப்போவது அதே மொழிதானே என்று நினைத்துப் பெட்டி கட்டினீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஏக்கம் அமெரிக்காவின் மேல். உங்களைப் பார்க்கும் ஆங்கிலேயருக்கு நீங்கள் இந்தியர். "இந்தியா ஞாபகம் வருகிறதா?" என்று அன்போடு கேட்பார்களே தவிர, எடிசனில் இருந்த தெருவை நினைத்து நீங்கள் கண் கலங்குவீர்கள் என்று அவர்களுக்குத் தோன்றாது. உங்கள் மாமியாருக்கு இரண்டும் வெள்ளைக்காரன் ஊர். உங்கள் கணவருக்கு இது ஒரு நல்ல மாற்றல். 17 ஆண்டுகள் வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, குடியுரிமையும் வாங்கிய ஒரு நாட்டை விட்டு வந்திருக்கிறீர்கள். இழந்தது அது என்று பெயர் சொல்லி உங்களோடு துக்கப்பட ஒருவரும் இல்லை. சாயங்கால அழுகையில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அக்கம்பக்கத்தாரைப் பற்றி. இதில் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். உங்களை அதிகம் புண்படுத்தியிருப்பது இதுதான். புரிந்துகொண்டால் சீக்கிரம் மாறக்கூடியதும் இதுதான்.

நியூ ஜெர்சியில் நீங்கள் இருந்த தெருவை நினைத்துப் பாருங்கள். பல அமெரிக்கப் புறநகர்களில் வீட்டின் முன்புறம் திறந்த புல்வெளிதான், வேலியே இருக்காது. நடந்து வந்து கதவைத் தட்டுவது இயல்பு. வேலைக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்வது அங்கே சாதாரணம். அதனால் புதிதாக வந்தவரை முதல் வாரமே வரவேற்றுவிடுகிறார்கள். ரெடிங்கில் உங்கள் வீடு எப்படி இருக்கிறது? பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் வீடாக இருக்கும். முன்னால் சிறு இடம், ஒரு செடிவேலி. குடும்பம் புழங்குவதெல்லாம் பின்புறத் தோட்டத்தில், ஆளுயரப் பலகை வேலிக்குள். சுவருக்கு அப்பால் இருமினால் கேட்கும் தூரத்தில் வாழ்கிறவர்கள், ஒருவர் வாழ்க்கைக்குள் ஒருவர் நுழைந்துவிடாமல் இருப்பதையே மரியாதையாகப் பழகியிருக்கிறார்கள். உங்களை அவர்கள் ஒதுக்கவில்லை. உங்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைக்கிறார்கள். கேக்கோடு வந்து அரைமணி நேரம் உட்காருவது அவர்கள் கணக்கில் உங்கள் மேல் சுமத்தும் பாரம்.

அதனால் இங்கே நட்பு தொடங்கும் வாசல்களே வேறு. குப்பைத்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து போனபின் உங்கள் தொட்டியோடு பக்கத்து வீட்டுத் தொட்டியையும் உள்ளே இழுத்து வைத்துவிடுங்கள்; இந்த நாட்டில் அது ஒரு முழு வாக்கியம் பேசியதற்குச் சமம். அவர்கள் வெளியே போயிருக்கும்போது வரும் பார்சலை வாங்கி வைத்திருந்து கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு நிமிடம் பேச்சு வரும். மழையைப் பற்றி, அவர்கள் நாயைப் பற்றி, எதிர்த்தெருவில் தோண்டும் பள்ளத்தைப் பற்றி. அதோடு திரும்பி வந்துவிடுங்கள். எந்த வேலை, எவ்வளவு வாடகை, எத்தனை பிள்ளைகள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது நமக்கு அக்கறை, அமெரிக்கர்களில் பலருக்கும் சகஜம். இங்கே அது மூன்றாவது நான்காவது சந்திப்புக்கு உரியது.

டிசம்பர் முதல் வாரத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒரு கட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் குடும்பப் புகைப்படம் அச்சிட்டு, அந்த வருடக் கதையையும் சேர்த்துத் தபாலில் அனுப்புவார்கள். இங்கே அக்கம்பக்கத்துக்குச் சாதாரண அட்டையில் கைப்பட இரண்டு வரி எழுதி, வீட்டிலுள்ள நால்வர் பெயரையும் போட்டு, கதவிலிருக்கும் தபால் துளையில் நீங்களே போட்டுவிடலாம். (அமெரிக்கத் தபால் பெட்டியில் ஸ்டாம்பு ஒட்டாமல் எதையும் போடச் சட்டம் இடம் தராது. இங்கே அந்தக் கவலை வேண்டாம்.) நீங்கள் போட்ட வீடுகளில் பலவற்றிலிருந்து பதில் அட்டை வரும். அவர்கள் பெயர்களும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

"ஒரு நாள் அவசியம் வாருங்கள்" என்றவர் பொய் சொல்லவில்லை. உங்கள் மேல் நல்லெண்ணம் உண்டு என்று தெரிவித்தார். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் இதேபோல் 'சீக்கிரம் ஒரு நாள் சந்திக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பங்கள் என்னிடம் புலம்புவது இதற்கு நேர்மாறானது: 'முதல் நாளே உயிர்த்தோழி மாதிரி பேசினாள், இரண்டாவது மாதம் என் போனை எடுக்கவில்லை.' அமெரிக்க அன்பு முதலில் வந்து நிற்கும், அது நட்பாக வளருமா என்பது பிறகு தெரியும். இங்கே மெல்லத்தான் தொடங்கும், ஆனால் தொடங்கியது அவ்வளவு சுலபத்தில் அறுந்துபோவதில்லை. என் அனுபவத்தில் பொதுவாக இப்படித்தான். விதிவிலக்கு இரண்டு நாட்டிலும் உண்டு.

ஆகவே எந்த நாள் என்பதை நீங்களே குறியுங்கள். இந்த மாதத் தேங்க்ஸ்கிவிங்கையே அதற்குப் பயன்படுத்தலாம். வியாழக்கிழமை இங்கே வேலை நாள், அதனால் அதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வீட்டாரையும், மகன் வகுப்புத் தோழன் ஒருவனின் குடும்பத்தையும் மட்டும் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் நியூ ஜெர்சி பாட்லக் விருந்து மாதிரி எட்டுக் குடும்பம் வேண்டாம். ஒரு சிறு சீட்டில் எழுதி நேரில் கொடுங்கள்: 'நாங்கள் பல வருடம் அமெரிக்காவில் கொண்டாடிய பண்டிகை, சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை, வரமுடியாவிட்டாலும் பரவாயில்லை.' முடியும் நேரத்தைக் குறிப்பது நம் வழக்கத்தில் விருந்தாளியை விரட்டுவது போலத் தோன்றும். இங்கே அதுதான் அவர்களை நிம்மதியாக வரவைக்கும். எப்போது எழுந்து போவது என்று தெரியாமல் தவிப்பது அவர்களுக்குப் பெரிய சங்கடம். அந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பம்ப்கின் பையையும் வையுங்கள், கூடவே எலுமிச்சை சாதமும் இருக்கட்டும். வான்கோழி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சீக்கிரமே கடையில் சொல்லி வையுங்கள். இங்கே அது கிறிஸ்துமஸ் சமையல் என்பதால் நவம்பரில் முழுசாகக் கிடைப்பது கடினம். தட்டில் மறுபடி மறுபடி பரிமாறாதீர்கள். ஒருமுறை கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இதன் மூலம் உங்களுக்கு வேறொன்றும் நடக்கும். நீங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியவரும். உங்கள் ஏக்கத்துக்கு அப்போதுதான் அடையாளம் கிடைக்கும்.

மகனின் பள்ளி வாசல் இன்னொரு இடம். நியூ ஜெர்சியில் மஞ்சள் பஸ் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் நேரில் போய்க் கூட்டி வருவதுதான் வழக்கம். மூன்று மணிக்கு மேல் அந்த வாசலில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில்தான் இந்த ஊர் அம்மாக்களின் பாதி நட்பு உருவாகிறது. முதலில் புன்னகை மட்டும்தான் வரும். அதற்காக ஓரமாக நின்று போனைப் பார்க்காதீர்கள். ஒரே இடத்தில், தினமும், அதே முகங்களோடு நில்லுங்கள். சில வாரங்களில் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்துவர அவன் அம்மாவிடம் கேட்கலாம். பள்ளியிலிருந்து நேராக இருவரையும் கூட்டி வந்து, விளையாடவிட்டு, ஐந்து மணிக்கே சாப்பாடு கொடுத்துவிட வேண்டும். ஆறு மணிக்கு அம்மா வந்து கூட்டிப்போவார். அவர் உள்ளே வந்து உட்காராமல் வாசலிலேயே நின்று நன்றி சொல்லிப் போனால் மனம் கோணாதீர்கள். பிறந்தநாள் விருந்து முடிந்து கிளம்பும்போது கேக் துண்டை நாப்கினில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தனுப்புவதும் இங்கே வழக்கம்தான். உட்கார்ந்து சாப்பிட விடவில்லையே என்று வருந்த வேண்டாம்.

பல பள்ளிகளில் சிறு பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வாரம் ஒருமுறை வரும் தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள். டி.பி.எஸ். என்ற பின்னணிச் சரிபார்ப்பைப் பள்ளியே ஏற்பாடு செய்யும். வேலை தேடும் காலத்தில் இதைச் செய்யுங்கள். ஆசிரியர்களைத் தெரிந்துகொள்வீர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்காகப் பேச இந்த நாட்டிலேயே ஒருவர் கிடைப்பார்.

அடுத்து மகள். அவள் வந்து சேர்ந்தது இருப்பதிலேயே கடினமான வகுப்பு. இங்கிலாந்தில் நான்கு வயதிலேயே ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். இயர் 6 என்பது அப்போதிலிருந்து கூடவே வளர்ந்த பிள்ளைகளின் கடைசி வருடம். மே மாதம் சாட்ஸ் என்ற நாடு தழுவிய தேர்வு, ஜூலையில் பிரிவு. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு புதுப்பெண் நுழைவது யாருக்கும் சுலபமில்லை. இயர் 7 அப்படியில்லை. பல தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், எல்லோருமே புதியவர்கள். அவள் இப்போதுதான் சமமான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். போன வருட அனுபவத்தை வைத்து இந்த வருடத்தை எடை போடாதீர்கள்.

இரண்டு விதமாகப் பேசுகிறாளே என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் மாமியாரிடம் பேசுவது கொங்குத் தமிழ். எடிசன் ஆபீசில் பேசிய ஆங்கிலம் வேறு. அடுத்த வீட்டு மலையாளத் தோழியிடம் பேசியது வேறாக இருந்திருக்கும். இத்தனை குரல்களோடும் நீங்கள் நீங்களாகத்தானே இருக்கிறீர்கள்? 11 வயதுப் பிள்ளைகள் புது ஊரில் கூட்டத்தோடு சேர உச்சரிப்பை மாற்றிக்கொள்வது மிக இயல்பு. வீட்டுக்குள் அவள் பழைய பேச்சுக்குத் திரும்புவது, அங்கே பாதுகாப்பாக உணர்கிறாள் என்பதைத்தான் காட்டுகிறது. 'எதற்கு இரண்டு விதம்?' என்று கேட்காதீர்கள். கேட்டால் வீட்டிலும் நடிக்கத் தொடங்குவாள்.

கவனிக்க வேண்டியது வேறு. ஞாயிறு இரவானால் வயிற்றுவலி என்கிறாளா? தூக்கம் கெடுகிறதா? பிடித்த ஒன்றைத் திடீரென்று விட்டுவிட்டாளா? பெயர் சொல்ல ஒரு தோழியாவது இருக்கிறாளா? இவற்றில் எதுவும் இல்லையென்றால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

'காட்டிக்கொள்கிறாள்' என்ற கிசுகிசுப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அமெரிக்க வகுப்பறையில் வாய் திறந்து பேசுவது படிப்பின் ஒரு பகுதி. பல ஆசிரியர்கள் அதற்கும் மதிப்பெண் தருகிறார்கள். எனக்கு இது நன்றாக வரும் என்று ஒரு பிள்ளை சொன்னால் பாராட்டுவார்கள். இங்கே தன் திறமையைத் தானே சொல்வது பிள்ளைகளிடையே எடுபடாது. முழு மதிப்பெண் வாங்கியவள்கூட 'ஏதோ வந்தது' என்றுதான் சொல்வாள். இதை உங்கள் மகளுக்கு இரண்டு நாட்டுப் பழக்கமாகச் சொல்லிக் கொடுங்கள், அவளுடைய தவறாகச் சொல்லாதீர்கள். வகுப்பில் கை உயரட்டும். அது ஆசிரியருக்கானது, அவருக்கு அது பிடிக்கும். மதிப்பெண்ணைச் சாப்பாட்டு மேசையில் அறிவிக்க வேண்டாம். இந்த எல்லைக்கு மேல் அவளைச் சுருங்கச் சொல்லாதீர்கள். ஊரோடு ஒத்துப்போ என்று சொல்லிச் சொல்லியே கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் பலரை நாம் வாயடைக்க வைத்திருக்கிறோம். எனக்கு அதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு.

கேலி தொடர்ந்தால், அல்லது அவள் பேச்சையும் நாட்டையும் குறிவைத்தால், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே பள்ளிக் கவுன்சலரிடம் போயிருப்பீர்கள். இங்கே முதலில் ஃபார்ம் டியூட்டர் எனப்படும் வகுப்பாசிரியர், அடுத்து அந்த இயரின் தலைவர். சுருக்கமான மின்னஞ்சல் போதும்: என்ன நடந்தது, எந்த நாள், யார் பார்த்தார்கள். அரசுப் பள்ளிகள் துன்புறுத்தலைத் தடுக்க வழிவகை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் நாட்டுரிமையும் பூர்வீகமும் இனம் என்பதற்குள்ளேயே வருகின்றன. ஆகவே அமெரிக்கக்காரி என்று குத்திக்காட்டுவதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று பள்ளி தள்ளிவிட முடியாது. பெற்றோர் சந்திப்பு ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அமெரிக்க ஆசிரியர்களைப்போல் பாராட்டைக் கொட்டவும் மாட்டார்கள். ஒரு ஆசிரியர் 'நன்றாகவே செய்கிறாள்' என்று சொன்னால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் விஷயம். அமெரிக்காவில் பிள்ளைக்கென்று ஒரு குழந்தைநல மருத்துவரும் ஆண்டுக்கொரு பரிசோதனையும் இருந்தன. இங்கே குழந்தையை முதலில் பார்ப்பவர் குடும்பத்துக்கெல்லாம் பொதுவான ஜி.பி. மருத்துவர்தான், தேவையென்றால்தான் அவர் நிபுணரிடம் அனுப்புவார். நலமாக இருக்கும் பள்ளிப்பிள்ளைக்கு வருடாந்தரப் பரிசோதனையும் கிடையாது. இது அலட்சியம் அல்ல, அமைப்பே அப்படித்தான். காதுவலி, தொண்டைவலி போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் மருந்துக்கடைக்காரரே பார்த்து, தேவையென்றால் ஆன்டிபயாட்டிக்கும் தரும் திட்டம் இருக்கிறது. காதுவலி என்றால் 1 முதல் 17 வயது வரை. இரவில் சந்தேகம் வந்தால் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 111-ஐ அழையுங்கள். விசாவோடு சேர்த்துப் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டும் பிள்ளைக்கு 776 பவுண்டும் சுகாதாரக் கட்டணமாகக் கட்டியிருப்பீர்கள். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

காரை நீங்கள் நிறுத்தியது சரிதான். அமெரிக்க லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்து 12 மாதங்கள் வரைதான் ஓட்டலாம். அதை மாற்றித் தரவும் மாட்டார்கள். உங்கள் கணவர் இன்னும் நியூ ஜெர்சி லைசென்ஸில் ஓட்டுகிறார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். இருவரும் பழகுநருக்கான புரவிஷனல் லைசென்ஸ் வாங்கி, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் முடிக்க வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காரை இழந்த பெண்மணி ஊரையே இழந்தவர். இங்கே பஸ்ஸும் நடைபாதையும் இருப்பதால் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 17 வருடம் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கு அது ஒரு சுதந்திரம், எனக்குப் புரிகிறது.

சாயங்கால அழுகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெடிங், எடிசனைவிட ஏறக்குறைய பதினோரு பாகை வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியில் இங்கே நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மேகமூட்டத்தில் பகலும் மங்கல்தான். இந்த இருட்டு பலரின் மனதைக் கீழே இழுக்கிறது. மதியம் வெளிச்சம் இருக்கும்போது தினமும் வெளியே நடங்கள், குளிராக இருந்தாலும். அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் ஜி.பி.யிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் டாக்கிங் தெரபீஸ் என்ற மனநலச் சேவைக்கு மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். தமிழில்தான் மனம் திறக்கிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எப்போதாவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். 111-ஐ அழைத்து மனநல உதவி கேளுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 999.

கடைசியாக உங்கள் கணவர். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. பிரிட்டனில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உரிமை. பொது விடுமுறைகளை அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒரு நாளாவது சம்பளத்தோடு விடுப்பு தந்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. வேலை போனால் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போகும் என்ற பயத்தோடு அத்தனை ஆண்டுகள் இருந்தவருக்கு இந்த நிம்மதி எவ்வளவு பெரிது என்று நீங்களும் ஒப்புக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாதவரை உங்கள் பேச்சு அவர் காதில் 'நீங்கள் தேர்ந்தெடுத்தது தப்பு' என்றே விழும்.

அவரும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்களை ஏற்றுக்கொள்ள இங்கே ஒரு ஆபீஸ் தயாராக இருந்தது. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். உங்கள் மனைவிக்கு வேலை, கார், தோழிகள், தெரு எல்லாம் ஒரே வாரத்தில் போயின. உங்களுக்குக் கிடைத்த மாலைப்பொழுது அவருடைய தனிமையின் மேல்தான் நிற்கிறது. 'வேறென்ன வேண்டும்?' என்பதைக் கேள்வியாகவே கேளுங்கள், பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

திரும்பிப் போவதா, இருப்பதா என்ற பேச்சைத் தினமும் எடுக்காதீர்கள். அடுத்த ஜூலையில், பள்ளி ஆண்டு முடியும்போது, ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கேள்வி பூட்டியே இருக்கட்டும். அன்றைக்கு அவர் திறந்த மனதோடு கேட்பதாக இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டும். மகளின் படிப்பு உங்களை அவசரப்படுத்தவில்லை. ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வுக்கான பாடங்கள் பெரும்பாலும் இயர் 10-இல் தொடங்கி, 16 வயதில் இயர் 11 முடிவில் தேர்வு வரும். அந்த இரண்டு ஆண்டுகளின் நடுவே அமெரிக்காவுக்கு மாற்றுவதுதான் அவளை உண்மையாகப் பாதிக்கும். இயர் 9 முடியும்வரை, அதாவது இன்னும் மூன்று கோடைகள், வழி திறந்தே இருக்கிறது. போவதென்று முடிவானாலும், இந்த ஊரில் நாலு பேரைத் தெரிந்துகொண்டு போவதில் நஷ்டமில்லை. இருப்பதென்று முடிவானால் அது நீங்கள் தோற்றதாக ஆகாது.

தேங்க்ஸ்கிவிங் வியாழனன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு மட்டம் போடவைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நிறுத்துவதை இங்கே கடுமையாக எடுத்துக்கொள்வார்கள், அடிக்கடி நடந்தால் அபராதமும் வரலாம். அவர்கள் மாலை வந்துவிடுவார்கள். உங்கள் கணவர் பெருமைப்படும் அந்த 28 நாளில் ஒன்றை அன்றைக்கு எடுக்கச் சொல்லுங்கள். காலையில் இருவரும் சேர்ந்து சமையுங்கள். இந்த வாரமே கேளுங்கள், லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
குடும்பநல ஆலோசகர், லண்டன்